அக்சஸ்: கடைசித் தேதிக்கான ரெகார்ட் மட்டும் வேண்டுமா?

உங்கள் மளிகைக் கடையின் கடன் நோட்டை எம்.எஸ். அக்சஸ் புரோகிராமில் ஏற்றியிருப்பதாக வைத்துக் கொள்வோம். கடன் என்ற டேபிளில் பெயர், தேதி, பாக்கி என மூன்று பீல்டுகள். டீக்கடைக்கு 5ஆம் தேதி பாக்கி 900 ரூபாய். 20ஆம் தேதி 750 ரூபாய் கட்டியதால் பாக்கி 150 ரூபாய். இப்படி ஒவ்வொரு பெயருக்கும் பல வரிகள் இருக்கும். நமக்குத் தேவை, ஒவ்வொருவரும் இப்போது தர வேண்டிய பாக்கி மட்டுமே.

கிரியேட் டேப்பில் குவெரி டிசைன் கிளிக் செய்து, கடன் டேபிளைச் சேர்த்திடவும். பீல்டுகளைக் கீழே உள்ள கட்டங்களுக்கு இழுத்து வந்து, டோட்டல்ஸ் பட்டனை அழுத்தினால், டோட்டல் என்றொரு வரிசை கிடைக்கும். பலரும் இங்கே பெயருக்கு குரூப் பை, தேதிக்கு மேக்ஸ், பாக்கிக்கும் மேக்ஸ் எனக் கொடுப்பார்கள். ரன் செய்தால் பெயருக்கு ஒரு வரி என அழகாகத்தான் வரும். ஆனால் டீக்கடைக்கு எதிரே 20ஆம் தேதி, 900 ரூபாய் என்றிருக்கும்! மேக்ஸ் ஒவ்வொரு பீல்டிலும் தனித்தனியே பெரிய மதிப்பை எடுக்கிறது. இரண்டும் ஒரே ரெகார்டில் உள்ளனவா என்று பார்ப்பதில்லை. இதை நம்பிப் பணம் கேட்டால், 750 ரூபாய் கட்டியவர் சும்மா இருப்பாரா? பட்டியலில் உள்ள லாஸ்ட் என்பதும் உதவாது. அது தேதியைக் கவனிப்பதே இல்லை.

எனவே இரண்டு குவெரிகள் தேவை. முதல் குவெரியில் பெயருக்கு குரூப் பை, தேதிக்கு மேக்ஸ் மட்டும். பாக்கி வேண்டாம். இதனைக் கடைசித்தேதி என்ற பெயரில் சேவ் செய்திடவும். அடுத்து, புதிய குவெரியில் கடன் டேபிளையும் கடைசித்தேதி குவெரியையும் சேர்த்திடவும். பெயரைப் பெயர் மீதும், டேபிளில் உள்ள தேதியைக் குவெரியில் உள்ள மேக்ஸ் தேதி மீதும் இழுத்து விடவும். இரண்டு இணைப்புக் கோடுகள் தெரிய வேண்டும். பின்னர் கடன் டேபிளிலிருந்து மூன்று பீல்டுகளையும் கீழே இறக்கி ரன் செய்திடவும். டீக்கடைக்கு 150 ரூபாய் என்று சரியாக வரும்.

தேதி பீல்டின் டேட்டா டைப், டேட்/டைம் என்றிருக்க வேண்டும். டெக்ஸ்ட் என்றிருந்தால் எழுத்து வரிசைப்படி 15ஐ விட 9 பெரியதாகிவிடும். ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு வரிகள் எழுதியிருந்தால் இரண்டுமே வரும். அப்படி எழுதுபவர்கள் தேதியுடன் நேரத்தையும் பதிந்திடவும்.