இன்சோல்: கடையில் வாங்கலாமா, அளவெடுத்துச் செய்யலாமா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் சுருக்கென்று குத்துகிறதா? ஷூவுக்குள் ஆர்ச் சப்போர்ட் இன்சோல் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் தொங்குவது சில நூறு ரூபாய், காலுக்கு அச்செடுத்துச் செய்வது சில ஆயிரம். பர்ஸைத் திறக்கும் முன் இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

1. முதல் சோதனை ஷூவுக்குத்தான். குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். பிறகு இரண்டு முனையையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். பின்பக்கம் பொசுக்கென்று மடங்கி, அடிப்பாகமும் சுருண்டுகொண்டால் அதற்குள் எந்த இன்சோல் வைத்தாலும் காசு வீண். முதலில் ஷூவை மாற்றுங்கள்; சிலருக்கு வலி அதிலேயே ஓரளவு குறையலாம்.

2. சாதாரண குதிகால் வலிதானா? ரெடிமேடிலேயே ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் 236 பேரை வைத்துச் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் கழித்து வலி குறைந்ததாகச் சொன்னவர்கள், நீட்டும் பயிற்சியோடு சிலிக்கான் ஹீல் பேடு போட்டவர்களில் 95 சதவீதம். அதே பயிற்சியோடு அளவெடுத்துச் செய்ததைப் போட்டவர்களில் 68 சதவீதம்தான்! ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்விலும், ஒரு வருட முடிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பேருக்கு ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு வைத்துக்கொண்டவர்களும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருந்தார்கள்.

3. அந்த நீட்டும் பயிற்சிக்குக் காசே வேண்டாம். படுக்கையை விட்டு இறங்கும் முன் காலை நீட்டி, விரல்களுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து உங்கள் பக்கமாக இழுத்து, முப்பது எண்ணும்வரை பிடியுங்கள். பல் தேய்த்து முடித்ததும் சுவரில் கை ஊன்றி ஆடுசதையை நீட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்த இன்சோல் வாங்கினாலும் பாதி வேலைதான் நடக்கும்.

4. பாதம் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். உள்ளங்காலை நனைத்துக்கொண்டு பழைய நியூஸ்பேப்பரிலோ காய்ந்த சிமென்ட் தரையிலோ ஓர் அடி வையுங்கள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், நடுவில் தடமே இல்லாவிட்டால் வளைவு அதிகம். கடையில் எந்த உயரத்துக்கு ஆர்ச் கேட்பது என்று இதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

5. "ஆஹா, என்ன மெத்துன்னு இருக்கு!" என்று மயங்கிவிடாதீர்கள். வளைவு இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். அழுத்தினதும் அமுங்கிப் போவது கடையில் சுகமாக இருக்கும், நம் எடை ஏறினதும் சீக்கிரமே அப்பளமாகிவிடும்.

6. கடைக்குப் போகும்போது வழக்கமாகப் போடும் ஷூவையும் சாக்ஸையும் கொண்டு போங்கள். சாயங்காலம் போவது நல்லது, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி நிஜ அளவில் இருக்கும். ஷூவுக்குள் ஏற்கெனவே இருக்கும் இன்சோலை உருவிவிட்டுப் புதியதை வையுங்கள். அப்படியும் விரல் முட்டினால், முக்கால் நீளத்தில் வருவதைக் கேளுங்கள்.

7. அளவு பெரிதாக இருந்தால் விரல் பக்கம் மட்டும் வெட்டுங்கள். குதிகால் பக்கம் வெட்டினால் ஆர்ச் இடம் மாறிவிடும். உருவி எடுத்த பழைய இன்சோலை மேலே வைத்துப் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

8. மெஷின் மேல் ஏறி நின்றதும் திரையில் சிவப்பும் நீலமுமாகப் படம் வரும், "உங்களுக்கென்றே ஸ்பெஷல்" என்பார்கள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தால், அதுவும் ரெடிமேடுதான்! ஃபோமிலோ மாவுக்கட்டிலோ அச்செடுத்தோ, முப்பரிமாண ஸ்கேன் செய்தோ, அதை வைத்து உங்கள் காலுக்குத் தனியாகச் செய்தால்தான் கஸ்டம் விலை கொடுக்கலாம்.

9. ஆனால் சிலர் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், முன்பு காலில் புண் வந்து ஆறியவர்கள், விரல் மடங்கியோ எலும்பு துருத்தியோ பாதத்தின் அமைப்பே மாறியவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள் நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும். மரத்த காலுக்கு உறுத்தல் தெரியாது. தப்பான இன்சோல் புண்ணாக்கியபிறகுதான் தெரியவரும். நம் ஊரில் சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர் செருப்பு இருக்கிறதே, அந்த மென்மையான ரப்பரின் கதையே இதில்தான் தொடங்குகிறது: வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காப்பாற்றச் செய்த முயற்சிகளில். உங்கள் பாதத்தில் உணர்ச்சி எப்படி என்று தெரிய, நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை உண்டு. சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள், இரண்டே நிமிட வேலை.

10. அளவெடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தனியாரிடம் கொடுக்கும் முன் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உடலியல் மருத்துவப் பிரிவில் கேட்கலாம்.

11. ஆர்டர் கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: உறுத்தினால் திருத்தித் தருவதற்குத் தனிக் காசா? மேல்துணி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாமா? என்னிடம் இருக்கும் எல்லா ஷூவிலும் இது நுழையுமா? கெட்டியான அடித்தட்டு வருஷக்கணக்கில் உழைக்கும், தேய்வது மேலே இருப்பதுதான். அதை மட்டும் மாற்ற முடிந்தால் ஆயிரங்கள் மிச்சம்.

12. குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று பதறி வாங்கிக் குவிக்காதீர்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். வலி, விறைப்பு, அல்லது ஒரு காலில் மட்டும் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

13. எந்த இன்சோலானாலும் முதல் நாளே ஆபீஸ் முழுக்கப் போடாதீர்கள். ஒரு மணி, மறுநாள் இரண்டு மணி என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு முறை கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

14. பகலெல்லாம் ஷூவில் தாங்கிவிட்டு, வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையல் மேடை முன் மணிக்கணக்கில் நின்றால் வலி எங்கே போகும்? ஆர்ச் உள்ள செருப்பு ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பில் இன்சோலை ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம், வழுக்கி விழுந்தால் இன்னொரு செலவு.

15. இன்சோலை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து ஃபேன் காற்றில் வைத்தால் போதும். வாங்கிய தேதியை அடிப்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள்; ரெடிமேடு என்றால் ஆறு மாதத்தில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, அமுங்கியிருந்தால் இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.