ஏழு லட்சம் வீரர்கள் நடந்து வந்தால்...

சரித்திரக் கதை எழுதும்போது, "பல லட்சம் வீரர்கள் புறப்பட்டனர்" என்று பேனாவை ஓடவிடுகிறீர்கள் அல்லவா? சற்று நில்லுங்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர்மீது படையெடுத்தார். அப்படையில் 7,03,000 காலாட்கள், 32,600 குதிரைகள், 551 யானைகள் இருந்ததாக நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பின்னாளில் எழுதினார்.

காலாட்கள் மட்டும் நம் நாரணாபுரம் சாலையில் வருவதாகக் கொள்வோம். வரிசைக்கு 4 பேர்; இரு வரிசைகளுக்கு இடையே 2 மீட்டர். அணிவகுப்பின் நீளம் சுமார் 350 கிலோமீட்டர்! மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம், தினம் 8 மணி நேரம் நடந்தாலும், அவர்கள் நம்மைக் கடக்க 11 நாட்கள் ஆகும். என் அனுமானம் இருமடங்கு பிசகினாலும் ஐந்தாறு நாட்களுக்குக் குறையாது.

சோறு? ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் 703 டன். இன்று எழுபது லாரிகள் போதும். அன்று லாரி ஏது? பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் எனில், ஒரு நாள் உணவுக்கே 7,030 மாடுகள். பத்து நாளைக்கு 70,300. அம்மாடுகளும் சாலையில் இடம் கேட்கும், புல் கேட்கும்.

ஆள் சேர்ப்பது இவ்வளவு கடினமல்ல. 1,000 பேர் வாழும் ஊருக்கு 50 பேர் வீதம் வந்தால், சுமார் 14,000 ஊர்கள் போதும். இடிப்பது சாலையும் சோறும்தான்.

நூனிஸின் குறிப்பிலும் படை பல தலைவர்களின் கீழ்ப் பிரிந்தே செல்கிறது. நிலத்துக்கு ஈடாக நாயக்கர்கள் தரவேண்டிய ஆட்கணக்கு வேறு, களத்துக்கு வந்தவர் கணக்கு வேறாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

யானைகளை விட்டுவிட்டேன்! ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம். அதைச் சுமக்க எத்தனை மாடுகள்? உங்கள் கதையின் அரசனுக்கு நீங்களே கணக்கிட்டுக் கொடுங்கள்.