ஆடியின் நடுவில் ஒரு பொட்டு

கேள்வி: தூசு படிந்த என் 6 அங்குல நியூட்டன் தொலைநோக்கியின் பெரிய ஆடியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அதிலிருந்து நட்சத்திரங்கள் வால் முளைத்தாற்போலத் தெரிகின்றன. ‘கொலிமேஷன்’ செய்யச் சொல்கிறார்கள். இந்த வேலை எப்போது வந்தது? ஆடியின் நடுவில் வளையம் எதற்கு?
— வாசகர், சாணக்யபுரி, புதுதில்லி

பதில்: ஆடி வைத்த தொலைநோக்கி பிறந்தபோதே, ஆடிகளை ஒரே நேரில் நிறுத்தும் இந்த வேலையும் பிறந்துவிட்டது. 1668இல் நியூட்டன் செய்ததில் இருந்தது கண்ணாடி அல்ல, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகக் கலவை. ஈரக்காற்று பட்டால் மங்கும். மங்கியதைத் துடைத்தால் போதாது. வளைவு கெடாமல் மெருகேற்ற வேண்டும். 1789இல் 40 அடி தொலைநோக்கியை முடித்த வில்லியம் ஹெர்ஷல் அதற்கென இரண்டு ஆடிகள் வைத்திருந்தார். ஒன்று மெருகுக்குப் போனால் மற்றது குழாய்க்குள் ஏறும். ஏற்றும்போதெல்லாம் நேர்செய்தாக வேண்டும்.

1850களில் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கண்ணாடிமேல் வெள்ளி பூசினார்கள். பழைய பூச்சைக் கரைத்துவிட்டு, வளைவைத் தொடாமலே புதிதாகப் பூசலாம் என்பது பெரிய விடுதலை. 1930களில் வெள்ளியின் இடத்துக்கு அலுமினியம் வந்தது. ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கும் அங்கேயே வெற்றிட அறையில் அலுமினியம் பூசுகிறார்கள். மெருகேற்றும் பாடு ஒழிந்தது. மாட்டியபின் நேர்செய்யும் பாடு ஒழியவில்லை.

வாலுக்குக் காரணம், பரவளைய ஆடி தன் அச்சின்மேல் மட்டுமே கூர்மையான பிம்பம் தருவது. கழற்றி மாட்டும்போது ஆடி சற்றுச் சாய்ந்தாலும் பார்வையின் நடு அச்சை விட்டு விலகி, ஒளி ஒருபக்கமாக வழிகிறது. கூர்மையான பரப்பின் விட்டம் குவிய விகிதத்தின் (குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது) மும்மடிக்கு ஏற்ப மாறும்: எஃப்/8 தொலைநோக்கியில் சுமார் 11 மில்லிமீட்டர், எஃப்/4இல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. குழாய் குட்டையாகக் குட்டையாகத் திருகாணிகளிடம் பொறுமை கூடுதலாக வேண்டியிருப்பது இதனால்தான்.

வளையம் பெரிய ஆடியின் நடுவைக் காட்டும் அடையாளம். அது ஒட்டியிருக்கும் இடத்தில், ஒளியைக் கண்வில்லைக்குத் திருப்பும் சிறிய ஆடியின் நிழல் விழுகிறது. அதனால் ஒளி எதுவும் வீணாவதில்லை. முதலில் சிறிய ஆடியின் திருகாணிகளைத் திருப்பி, கண்வில்லையின் இடத்தில் பொருத்திய லேசரின் புள்ளியை வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். வளையத்தின் நடுப்பகுதி வெற்று ஆடியாகவே இருப்பதால் ஒளி அதில் பட்டுத் திரும்பும். பெரிய ஆடிக்குப் பின்னாலுள்ள மூன்று திருகாணிகளால், அந்த ஒளி வந்த வழியிலேயே லேசரின் வாய்க்குத் திரும்பும்படி செய்யுங்கள். லேசர் இல்லையென்றால் 1921இல் பிரெடரிக் செஷயர் விவரித்த கண்வில்லை போதும். நான் அதையே அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் மலிவான லேசர்கள் தாங்களே கோணலாக இருப்பதுண்டு.

கடைசித் தீர்ப்பு வானத்தில்தான். துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து சுமார் இருபத்தெட்டரை டிகிரி உயரத்தில், ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதைப் பார்வையின் நடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒருமையமாக இருந்தால் சரி. ஒருபக்கம் நெருங்கியிருந்தால் பெரிய ஆடியின் ஏதாவது ஒரு திருகாணியை மயிரிழை திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

தில்லித் தூசுக்குப் பயந்து அடிக்கடி கழுவ வேண்டாம். மெல்லிய தூசு பிம்பத்தைக் கெடுப்பதைவிட, அழுத்தித் தேய்க்கும் பஞ்சு பூச்சைக் கெடுப்பது அதிகம்.