கணினிப் பாடம்: மாறக் கூடாததுக்கு ‘கான்ஸ்ட்’ போடு



இந்த மாதம் ஜாவாஸ்கிரிப்டில் ‘கான்ஸ்ட்’ என்ற சொல்லைப் படிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

டியூஷன் வகுப்புக்கு நிதி திரட்ட நாங்கள் ஒரு விருந்து நடத்தினோம். பெரியவருக்கு 20 வெள்ளி, பிள்ளைகளுக்குப் பாதி விலை. ஒரு குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடும் இணையப் பக்கத்தை நான்தான் எழுதினேன். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று போட்டுப் பார்த்தேன். 50 வெள்ளி காட்டியது. சரிதானே என்று பக்கத்தைத் திறந்துவிட்டேன்.

ஓர் அக்கா தன் இரண்டு பிள்ளைகளை முதலில் பதிந்துவிட்டு, பிறகு பெரியவர்கள் இருவரையும் சேர்த்தார். 60 வெள்ளி வர வேண்டும். வந்தது 25! வசூலை எண்ணும்போதுதான் பணம் குறைவது தெரிந்தது.

நான் எழுதியது இதுதான்:

லெட் விலை = 20;
பிள்ளை என்றால்: விலை = விலை / 2;
மொத்தம் = மொத்தம் + விலை;

கடைசி இரண்டு வரிகளும் ஒவ்வொரு ஆளுக்கும் ஓடும். முதல் பிள்ளைக்கு விலை 10 ஆகிறது. அது மறுபடி 20 ஆகவே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு 5. அப்புறம் வந்த பெரியவர்களுக்கும் அதே 5. நான் சோதித்தபோது பிள்ளை கடைசியில் இருந்ததால் தப்பு ஒளிந்துகொண்டது.

இப்போ ‘லெட்’ இருந்த இடத்தில் ‘கான்ஸ்ட்’ போடுங்க:

கான்ஸ்ட் விலை = 20;

இதுக்கு அர்த்தம், ‘விலை’ என்ற பெயருக்கு இனி வேறு மதிப்பு கொடுக்க முடியாது. இரண்டாவது வரி ஓடியதும் ஜாவாஸ்கிரிப்ட் ‘டைப் எரர்’ சொல்லி அங்கேயே நின்றுவிடும். என் முதல் சோதனையிலேயே தப்பு மாட்டியிருக்கும். சரியான முறை, விலையைத் தொடாமல், பிள்ளை என்றால் மொத்தத்தோடு ‘விலை / 2’ஐச் சேர்ப்பது. மொத்தம் மாறிக்கொண்டே இருக்கும்; அதுக்கு ‘லெட்’தான் சரி.

நினைவில் வைக்க மூன்று விஷயம்:

1. ‘கான்ஸ்ட்’ அறிவிக்கும்போதே மதிப்பும் கொடுக்கணும். ‘கான்ஸ்ட் விலை;’ என்று விட்டால் நிரல் ஓடவே ஓடாது.

2. நெளிவு அடைப்புக்குறிக்குள் அறிவித்தால் அது அதுக்குள்ளேயே மட்டும் செல்லும். ‘லெட்’டுக்கும் இதே விதிதான். இரண்டும் 2015இல் ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் சேர்ந்தவை. அதுக்கு முன் எல்லாரும் ‘வார்’ எழுதினார்கள்.

3. பலர் ஏமாறும் இடம் இது. ‘கான்ஸ்ட்’ பூட்டுவது பெயரை மட்டும்தான், உள்ளே இருப்பதை அல்ல.

மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘கான்ஸ்ட் பெயர்கள் = [ ];’ என்று ஒரு பட்டியல் வைத்தால், ‘புஷ்’ மூலம் அதில் பெயர் சேர்க்கலாம், நீக்கலாம். ஆனால் ‘பெயர்கள் = [ ];’ என்று புதுப் பட்டியலைக் கொடுத்தால் பிழை வரும். வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்க. அட்டையில் ஒட்டிய பெயரைப் பிய்த்து வேறு நோட்டில் ஒட்ட முடியாது. ஆனா நோட்டுக்குள்ளே எழுதலாம், அழிக்கலாம். பட்டியலே மாறக் கூடாது என்றால் ‘ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ்’ பயன்படுத்தணும். அதுவும் மேல் அடுக்கை மட்டுமே உறைய வைக்கும்; பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் இருந்தால் அதைத் தொடாது.

அப்போ எதை எப்போ எழுதுவது? முதலில் எல்லாத்துக்கும் ‘கான்ஸ்ட்’ போடுங்க. உண்மையிலேயே மாற வேண்டியதை மட்டும் ‘லெட்’ ஆக்குங்க. ‘வார்’ வேண்டாம்.

பயிற்சி: மேலே உள்ள விருந்துக் கணக்கை ‘கான்ஸ்ட்’ போட்டு நீங்களே எழுதி, உலாவியில் திறந்து, எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்க. ‘கான்ஸ்ட்’, ‘லெட்’ இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்டணும். ‘விலை’, ‘மொத்தம்’ போன்ற பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளை முதலில் போட்டும், கடைசியில் போட்டும் சோதிங்க. இரண்டிலும் 60 வந்தால்தான் பாடம் முடிந்தது.

பிள்ளைகளின் டியூஷனுக்குச் சேர வேண்டிய பணம் ஒரே வரியால் குறைந்தது. சிவப்பில் பிழை வந்தா பயப்படாதீங்க. சத்தமே போடாத தப்புதான் ஆபத்து.