புதுப் பெடியன் தேறுவானா?

கேள்வி: பாடசாலை றக்பியில் ஸ்க்ரமில் மலைபோல் நின்ற எங்கள் புரொப் ஒருவன் இப்போது கழகத்துக்கு ஆடுகிறான். முதல் இரண்டு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வினான். 'இவன் சரிவரமாட்டான்' என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், புதுக்கடை

பதில்: அவசரப்படுகிறார்கள். 19 வயதுக்குட்பட்டோருக்கான சட்டப்படி ஸ்க்ரமை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தக் காப்பு கிடையாது; எதிரே நிற்பதும் பத்து வருஷம் தள்ளித் தள்ளித் தடித்த கழுத்து. அவன் அணிவது 3ஆம் இலக்கமா? அப்படியானால் இன்னும் பொறுங்கள். அவன் தலை எதிரணியின் இருவருக்கு நடுவே மாட்டுகிறது, இரு பக்கத்துப் பாரமும் அவனுக்குத்தான்.

ஜோர்டன் மைலாட்டாவைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் றக்பி லீக் ஆடியவர். 2018இல் அமெரிக்கக் கால்பந்தின் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை ஏழாவது சுற்றில் தடுப்பு வரிசைக்கு எடுத்தது. முதல் இரண்டு பருவமும் அமெரிக்க லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. 2025 பெப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியை வென்ற அதே அணியின் தடுப்பு வரிசையில் இடது டாக்கிள் அவர்தான்.

ஹெவ்லொக் பார்க்கில் அடுத்தமுறை பந்தை விட்டுவிட்டு இவனை மட்டும் பாருங்கள் (கொஞ்சம் அலுக்கும்). முதுகு நேராக இருக்கிறதா, தோள் இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா? எழுபதாவது நிமிஷத்தில் ஸ்க்ரம் கலைந்ததும் ஓடுகிறானா, நடக்கிறானா? நடந்தால் உங்கள் நண்பர்கள் பக்கம் நானும் வருகிறேன்.