அழிக்கப்பட்ட விடைகள்

பள்ளிகளின் ஆட்சியைப் பொதுஜனங்கள் ஆராய்தல் தகுமோ என வினவுவார்க்கு, அமெரிக்க நாட்டு அட்லாண்டா நகரின் செய்தியை நாம் காட்டுவோம். அந்நகரப் பள்ளிகளில் பயில்வோருட் பெரும்பாலார் கறுப்பின எளியோர் மக்கள். அவர்தம் தேர்ச்சி வியக்குமாறு உயர்ந்ததென்று, கல்வித் தலைவியாகிய பெவர்லி ஹால் அம்மையார் 2009இல் நாட்டிற் சிறந்த கல்வியதிகாரி என்னும் விருதும் பெற்றார். உள்ளூர்ப் பத்திரிகையொன்றோ அவ்வுயர்வை ஐயுற்றது. விடைத்தாள்களிற் பிழையை அழித்துச் சரியாக்கிய இடங்கள் அளவிறந்திருந்தன. 2011ஆம் ஆண்டு மாகாண விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் மோசம் நிகழ்ந்ததென்றும், உபாத்தியாயரும் தலைமையாசிரியருமாக 178 பேர் அதிற் சம்பந்தப்பட்டனரென்றும் கூறிற்று. திருத்தியவர் கற்பித்தோரே! அம்மையார் குற்றத்தை மறுத்தார். தம் வழக்கு விசாரிக்கப்படுமுன் 2015இற் காலமானார். அவ்வாண்டே வேறு 11 பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. நம்மை வருத்துவது தீர்ப்பன்று. வாசிக்கத் தடுமாறும் சிறுவனைத் தேறியவனென்று தாள் சொல்லிவிட்டபின், அவனுக்கெனத் தனிப்போதனை வேண்டுமென்று கேட்பார் யார்?