டெல்டாவில் லெதர் சீட்: எதால் துடைப்பது, எதைத் தடவுவது, எந்த மாதத்தில்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு சாலைகளில் ஓடும் எந்தக் காரின் கதவையும் திறந்து சீட்டின் தையல் இடுக்கைப் பாருங்கள். வெளிர் பழுப்பில் மெல்லிய தூள் அடைந்து கிடக்கும். விரலால் வழித்தால் அரிக்கும். அது நெல் சுணை. அதற்கு மூன்று மாதம் முன்னால், ஐப்பசி அடைமழையில் நாலு நாள் எடுக்காமல் நின்ற காரில், அதே சீட்டில் சாம்பல் புள்ளிகளாகப் பூசணம் பூத்திருக்கும்.

லெதர் சீட் பராமரிப்புக்கென்று நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களில் பிறந்தவை. தோல் காய்ந்து வெடிப்பதுதான் அங்கே கவலை. அதனால் கண்டிஷனர் தடவு, மறுபடியும் தடவு என்பார்கள். காவிரிப் படுகையில் சீட்டைக் கெடுப்பவை வியர்வையும் தலையெண்ணெயும் சுணையும் ஈரமும். இங்கே முக்கால் பங்கு வேலை சுத்தம் செய்வதிலேயே முடிந்துவிடுகிறது. கண்டிஷனர் அதற்குப் பிறகுதான், அதுவும் மாதம் பார்த்து.

முதலில், உங்கள் சீட் தோலா?

கடைக்காரர் 'லெதர்' என்று சொல்வதில் பாதிக்கு மேல் ரெக்சின். கார் கம்பெனியின் விளக்கத்தாளில் 'லெதரெட்' என்றிருந்தால் அது செயற்கைத் தோல். ஆக்சஸரீஸ் கடையில் தைத்துப் போடும் சீட் கவர் அநேகமாக எல்லாமே பி.வி.சி. அல்லது பி.யூ. அசல் தோல் வருகிற கார்களிலும் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் ரெக்சினாகவும் இருப்பது உண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி: சீட்டின் அடியில் கைவிட்டு, மடித்துத் தைத்த ஓரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். நூல் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். வெல்வெட் மாதிரி நார் நாராக இருந்தால் தோல். மேல்பரப்பின் வரிகளையும் கவனிக்கலாம். ஒரே வரி அச்சு எடுத்தாற்போல் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் தோலிலும் அச்சு போடுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

தோல்தான் என்று உறுதியானபின் ஒரு சொட்டுத் தண்ணீரை மறைவான இடத்தில் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் பூச்சு ஏறிய தோல். இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. சொட்டு ஊறி இடம் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் தோல். மிகச் சில விலையுயர்ந்த கார்களில்தான் அது வரும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தோல் புதிதல்ல. ஆனால் நமக்குப் பழக்கமான மிருதங்கத் தோல் பதனிடாதது. ஈரக்காற்று பட்டதும் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். கார் சீட்டின் தோல் அப்படியல்ல. குரோமியம் உப்பாலோ வேறு ரசாயனங்களாலோ பதனிட்டு, அப்போதே நார்களுக்குள் எண்ணெய் ஏற்றி, மேலே நிறம் கொடுத்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் படலம் ஒன்று போட்டிருப்பார்கள். நம் கையும் முதுகும் படுவது அந்தப் படலத்தில்தான். நாம் காப்பாற்ற வேண்டியதும் அதைத்தான். மேலே தடவும் எதுவும் அதைத் தாண்டிப் பெரிதாக உள்ளே போகாது.

சுத்தம் செய்ய எது?

வேலையைத் தொடங்க வேண்டியது வேக்குவம் கிளீனரில். நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். சுணையிலும் உமித்தூளிலும் அது இருக்கிறது. அந்தத் தூளின் மேல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் பூச்சின்மேல் உப்புத்தாள் போடுவது மாதிரி. மென்மையான குச்சம் உள்ள முனையைப் போட்டு, தையல் இடுக்குகளை விரலால் விரித்து உறிஞ்சி எடுங்கள். அறுவடை நாட்களில் களத்துமேட்டுக்குப் போய்வரும் கார் என்றால் வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே சீட்டின் ஆயுள் கூடும்.

அடுத்து எதால் துடைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குளியல் சோப்பு, துணி சோப்பு, சோப்புத்தூள் எல்லாம் காரம். அவற்றின் பிஎச் அளவு 9, 10 என்று போகும். தோலின் இயல்பு அமிலப் பக்கம், சுமார் 4 முதல் 5. ஒருமுறை துடைத்தால் ஒன்றும் ஆகாது. மாதாமாதம் துடைத்தால் பூச்சு மங்கி, ஓரங்களில் தோல் விறைக்கும். 'வினிகர் அமிலம்தானே, எலுமிச்சை இயற்கைதானே' என்று கேட்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. தோலின் இயல்பைவிட அவற்றில் அமிலம் தூக்கலாக இருக்கிறது, பிசுக்கையும் எடுப்பதில்லை. குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பான் அவசரத்துக்கு உதவும். அதையே வழக்கமாக்கினால் அதிலுள்ள பசை படிந்து தூசியை இழுக்கும்.

வாரந்தோறும் துடைக்க, தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். பல கார்களின் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, லெதருக்கென்றே வரும் நடுநிலைக் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் தேவைப்படும். கிளீனரையும் கண்டிஷனரையும் தனித்தனிப் போத்தலாக வாங்குங்கள். 'இரண்டும் ஒன்றில்' என்று விற்பது அழுக்கை முழுசாக எடுக்காமலே அதன்மேல் இன்னொரு படலத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேலை செய்கிற விதத்தை ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க மேட்டில் பழகிக்கொள்ளலாம். ஏறி இறங்கும்போதெல்லாம் உரசி, அங்கேதான் அழுக்கு அதிகம். கிளீனரை நேராகச் சீட்டில் அடிக்காமல் பிரஷ்ஷில் இரண்டு அழுத்து அடித்து, வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் வெள்ளை நுரை சில நொடிகளில் தேநீர் நிறத்துக்கு மாறும். நுரை காயுமுன் துணியால் ஒத்தி எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை. இரண்டாவது நுரை வெளுப்பாக வந்தால் நிறுத்திவிடலாம். சுத்தமான தோல் பளபளக்காது. மங்கலாக, மினுக்கமில்லாமல் இருக்கும். ஷோரூமிலிருந்து வந்த அன்று அப்படித்தான் இருந்தது. பிறகு ஏறிய பளபளப்பு எண்ணெய்ப் பிசுக்கு.

ஹெட்ரெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் ஊரில் காரிலேயே அதிகம் எண்ணெய் குடிப்பது அதுதான். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து மேல்பூச்சை இளக்கும். இளகிய இடம் பின்னர் பிசுபிசுத்து உரியும். பருத்தித் துண்டு ஒன்றை அங்கே போட்டு வாரம் ஒருமுறை துவைத்தால் எந்தப் போத்தலும் தராத பாதுகாப்பு கிடைக்கும்.

காற்றோட்டத்துக்குத் துளை போட்ட சீட்டானால் திரவத்தைத் துணியில் மட்டுமே எடுங்கள். துளைக்குள் இறங்கியது நுரைமெத்தையில் தங்கி நாறும்.

வாட்டர் வாஷ் கடையில் கொடுப்பதா? வெளியே கழுவக் கொடுங்கள். உள்ளே ஒரே நுரையை டேஷ்போர்டு, கதவு, சீட் எல்லாவற்றுக்கும் போட்டு, கடைசியில் சிலிகான் பாலிஷ் அடித்துத் தரும் கடைகள் அதிகம். சீட் வழுக்கும், மினுக்கும், தூசி ஒட்டும். சீட்டில் பாலிஷ் வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நீராவி போட்டுச் சுத்தம் செய்வது கம்பளத்துக்கும் மிதியடிக்கும் நல்லது. ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் தோல் சுருங்கும் என்பதால் சீட்டுக்கு வேண்டாம். டீடெயிலிங் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியது இரண்டே சமயங்களில்: அனிலின் தோல் என்றால், அல்லது கறை பூச்சைத் தாண்டிவிட்டது என்றால்.

கல்யாணத்துக்குப் போய்வந்த கார்

மஞ்சள், குங்குமம், சந்தனம், வெற்றிலைச் சாறு. முகூர்த்த நாளில் இந்த நான்கில் ஒன்றாவது சீட்டில் படும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆகவே மஞ்சள் கறையைச் சோப்பால் தேய்த்தவர்கள் சிவப்புக் கறையைப் பார்த்துப் பதறுவார்கள். உலர்ந்த தூளை முதலில் உறிஞ்சி, நடுநிலைக் கிளீனரால் ஒத்தி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மஞ்சளை வெளிச்சத்துக்கு விட்டுவிடுங்கள். குர்குமின் வெயில் வெளிச்சத்தில் தானாகவே வெளுக்கும். கும்பகோணம் வெற்றிலை போட்டவர் காரில் வந்தால் சாறு காயுமுன் துடைப்பதொன்றே வழி. அதிலுள்ள சுண்ணாம்பும் காரம்தான். குங்குமத்தை ஈரக்கையால் தொடவே கூடாது. தூளாக இருக்கும்வரை உதறி எடுத்துவிடலாம், நனைந்தால் சாயம்.

தடவுவதற்கு எது?

வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய் பூச்சுக்கு மேலேயே நின்று, சுணையைப் பிடித்துவைத்து, நாளானால் சிக்கடித்து, மழைக்காலத்தில் பூசணத்துக்குத் தீனியாகும். செருப்புப் பாலிஷ் அதைவிட மோசம். அதன் நிறம் வெள்ளை வேட்டியில் ஏறிவிடும். குதிரைச் சேணத்துக்கான கொழுப்பு எண்ணெய்களும் மெழுகுக் கலவைகளும் பூச்சில்லாத தோலுக்கானவை. கார் சீட்டில் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

பூச்சேறிய தோலுக்கு நான் சொல்வது நீர் கலந்த, எண்ணெய்ப்பசை குறைந்த, வெயில் பாதுகாப்பும் சேர்ந்த லோஷன். அது தோலுக்குச் சோறு போடும் என்று நினைத்து வாங்க வேண்டாம். பூச்சுக்கு மேல் ஒரு மெல்லிய தடுப்பாக நிற்கும். புது ஜீன்ஸ், புதுச் சிவப்புத் துண்டு, சாயம் போகும் புடவை இவற்றின் நிறம் வெளிர் சீட்டில் ஏறாமல் காக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம். ஐந்து சீட்டுக்கும் சேர்த்து 40, 50 மி.லி. போதும். துணியில் எடுத்துத் தடவி, அரைமணி கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கையில் பசை தட்டினால் அதிகம் போட்டுவிட்டீர்கள்.

ரெக்சினுக்கு லெதர் கண்டிஷனர் வாங்கினால் காசுதான் நட்டம். நீர்த்த மென்சோப்பும் பிழிந்த துணியும் போதும். வெயில் தாங்க, வினைலுக்கான பளபளப்பில்லாத பாதுகாப்புத் திரவம் போடலாம். பி.யூ. வகையில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஈரக்காற்றில் அந்தப் பொருளே மெல்ல மெல்லச் சிதைந்து பொருக்காக உதிரும். அதை எந்தப் போத்தலும் தடுக்காது. டெல்டாவில் புதிதாகச் சீட் கவர் போடுகிறவர்கள் பி.யூ.வைவிடத் தரமான பி.வி.சி.யையோ துணியையோ எடுப்பது நல்லது என்பேன்.

எந்த மாதம்?

புரட்டாசி முடிவதற்குள் ஒரு முழுச் சுத்தம். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் வியர்வையும் பிசுக்கும் போய்விட்டால், ஈரம் வந்தாலும் பூசணத்துக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அப்போது கண்டிஷனர் தடவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். சம்பா அறுவடையும் வைக்கோல் கட்டும் ஓய்ந்து, மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ இரண்டாவது முழுச் சுத்தம் செய்து, அதன்மேல் லோஷனைத் தடவுங்கள். சித்திரை வெயிலுக்கும் கத்திரிக்கும் சீட் தயாராக இருக்கும். ஆண்டுக்கு அந்த ஒரு பூச்சு போதும். வெயிலிலேயே நிற்கும் கார் என்றால் ஆடியில் இன்னொன்று.

மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிட்டால் காரை வெளியே நிறுத்தி, மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். பிறகு கிளீனர், பிறகு நிழலில் கதவுகளைத் திறந்து முழுக்க உலர்த்தல். ஏசியை அரைமணி ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். அதே இடத்தில் திரும்ப வந்தால் சீட்டைக் குறை சொல்வதை விட்டுக் காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கதவு ரப்பர் கிழிந்தோ ஏசித் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தோ அடியில் ஈரம் நிற்கும்.

பூச்சு வெடித்து நார் தெரிந்த இடத்துக்குக் கண்டிஷனர் மருந்தாகாது. சிறு தேய்மானம் என்றால் நிறமேற்றித் தரும் கைதேர்ந்தவரிடம் கொடுக்கலாம். ஓட்டுநர் சீட்டின் பக்கத்துண்டு மட்டும் போயிருந்தால் சீட் தைக்கும் பட்டறையில் அந்த ஒரு துண்டை அதே நிறத் தோலில் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள், மற்றதை அப்படியே விடச் சொல்லுங்கள். முழுச்சீட்டுக்கும் மேலே கவர் மாட்டிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். கார்த்திகை மாதத்தில் கவருக்கும் தோலுக்கும் இடையே ஈரம் அடைபட்டு நல்ல பாகமும் கெடும்.